லக்சோரில் சாப்பாடு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் அம்மாவோடு எகிப்தில் உள்ள லக்சோர் போகிறேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அங்குள்ள பழங்காலக் கோயிலைச் சுற்றியுள்ள உணவகங்களில் வெளிநாட்டவர் என்றால் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று படித்தேன். அதிகச் செலவில்லாமல் எப்படிச் சாப்பிடுவது? 2022இல் போன நண்பர் எழுதித்தந்த விலைப்பட்டியல் கையில் இருக்கிறது. அதை நம்பலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். டாலருக்கு 31 பவுண்டாக இருந்தது 50ஐ ஒட்டிப் போய்விட்டது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் நியாயமாக விற்பவரோடும் சண்டை போட நேரும்.

விலையைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். அதற்கு அங்கே புழங்கும் அரபு எண்களைப் படிக்கப் பழகுங்கள். ஆங்கில மெனுவில் ஒரு விலை, சுவரில் அரபியில் இன்னொரு விலை என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு. வட்டம் போட்டிருந்தால் அது 5. பூஜ்யம் வெறும் புள்ளி. நம் 7 போலத் தெரிவது 6. ஆங்கில 'வி' எழுத்துப் போல இருப்பது 7, அதையே கவிழ்த்தால் 8. எழுத்து வலமிருந்து போனாலும் எண்ணை இடமிருந்துதான் படிக்கவேண்டும். வட்டமும் அடுத்து ஒரு புள்ளியும் இருந்தால் 50.

நைல் கரையோரம் கோர்னிஷ் சாலையில் ஆற்றைப் பார்க்கும் இருக்கைக்கும் சேர்த்தே விலை. ரயில் நிலையத்திலிருந்து கோயில் பக்கம் வரும் மஹத்தா தெரு, டெலிவிஷன் தெரு ஆகியவற்றில் ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் இருக்கின்றன.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 12 சதவீத சேவைக் கட்டணமும் 14 சதவீத வரியும் சேர்வது வழக்கம். மெனுவில் 100 என்றால் பில் 128ஐ ஒட்டி வரும். இது ஏமாற்று இல்லை. கவனிக்கவேண்டியது கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, தஹினா (எள் விழுது), ஊறுகாய்த் தட்டுகளை. "பிகாம்?" (எவ்வளவு?) என்று கேளுங்கள். வேண்டாமென்றால் கைவைப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கபாப் வாங்குவதாக இருந்தால், போட்டிருக்கும் விலை தட்டுக்கா கிலோவுக்கா என்று கேளுங்கள். ஒருவருக்குக் கால் கிலோ தாராளம்.

இனி அம்மா. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சமையல்காரர் துண்டுகளை எடுத்துவிடுவார், சாறு அப்படியே இருக்கும். முலுகியா பார்வைக்குக் கீரை மசியல்தான், ஆனால் பெரும்பாலும் கோழி அல்லது முயல் வேகவைத்த நீரில் செய்வது. மண்சட்டியில் வரும் காய்கறி தாஜினிலும், பருப்பு சூப்பிலும் இதே சந்தேகம் உண்டு. அதனால் "சியாமி" என்று கேளுங்கள். எகிப்தின் பழமையான கிறிஸ்தவப் பிரிவினரான காப்டிக் மக்களின் விரதச் சாப்பாடு அது. இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் சேராது, இறைச்சிச் சாறும் கிடையாது. உங்களுக்கு நல்ல காலம், நவம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை அவர்களுடைய கிறிஸ்துமஸ் விரதம். லக்சோரில் காப்டிக் மக்கள் கணிசமாக இருப்பதால் கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் இந்த விரதத்தில் மீனுக்கு அனுமதி உண்டு. ஆகவே "மின் கேர் சமக்" (மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு குஷரி. சோறு, பருப்பு, மக்ரோனி, சேமியா, கொண்டைக்கடலை, மேலே தக்காளிக் குழம்பும் மொறுமொறுவென்று பொரித்த வெங்காயமும். குஷரிக் கடைகளில் அளவுக்கு ஏற்ற விலை. சின்னதே ஒருவருக்குப் போதும். மேசையில் இருக்கும் பூண்டு, சீரகம், வினிகர் கலந்த தக்காவைத் தாராளமாக ஊற்றலாம். மிளகாய் ஷத்தாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சில கடைகளில் மேலே ஈரல் போடுவதும் உண்டு, முதலிலேயே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஃபூலும் தாமியாவும் காலைக்கு. ஃபூல் என்பது ஃபாவா மொச்சையைக் குறுகிய கழுத்துப் பானையில் இரவு முழுக்கச் சிறுதீயில் வேகவைத்தது; மாலையில் கிடைப்பது பெரும்பாலும் அடி மிச்சம். சிலர் ஆளிவிதை எண்ணெய் ஊற்றுவார்கள். அந்தக் காரநெடி பழக்கமில்லாதவர்களுக்குப் பிடிக்காது, "ஸேத் ஸெய்த்தூன்" என்று ஆலிவ் எண்ணெய் கேளுங்கள். தாமியா அதே மொச்சையை அரைத்துப் பொரிக்கும் வடை. பிட்டுப் பார்த்தால் உள்ளே கொத்தமல்லிப் பச்சை தெரியவேண்டும். ஆறியதை வாங்காதீர்கள், வாணலியிலிருந்து எடுக்கும்வரை நின்று வாங்குங்கள்.

உங்கள் இருவரில் யாருக்காவது ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தால் இந்த மொச்சையை அறவே தொடக்கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்தாகிவிடும். அப்படியானால் காலையிலும் குஷரிக் கடை எப்போது திறக்கிறது என்று பாருங்கள்.