ரோஸ் பவுல் யாருடைய ஆட்டம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆட்டம் நடக்கும் ஊர் கலிஃபோர்னியாவின் பாசடீனா. ஆடிய இரண்டு அணிகளுமே அந்த ஊரைச் சேர்ந்தவை அல்ல. பிறகு ஏன் ஆண்டுதோறும் அங்கேயே நடத்துகிறார்கள்? 2023-ல் மட்டும் ஜனவரி 2-க்குத் தள்ளிப்போனது ஏன்? ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கவும் ஆசை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஆட்டத்தின் சொந்தக்காரர் பாசடீனா ஊர்தான். அணிகள் விருந்தாளிகள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

1890-ல் அங்கிருந்த ‘வேலி ஹன்ட் கிளப்’ என்ற சங்கம் புத்தாண்டு விழாவைத் தொடங்கியது. நாட்டின் பாதி பனியில் விறைத்துக் கிடக்கையில் இங்கே ரோஜா பூக்கிறது, ஆரஞ்சு காய்க்கிறது என்று காட்டி ஆட்களை வரவழைப்பதுதான் நோக்கம். பூவால் சோடித்த குதிரை வண்டிகளின் ஊர்வலம்தான் விழாவின் உயிர். கால்பந்து 1902-ல்தான் வந்து சேர்ந்தது. அந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 49, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 0. டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதற்கு, 5 புள்ளிதான் இருந்த காலம் அது. மிச்சிகனின் நீல் ஸ்னோ ஒருவரே ஐந்து டச்டவுன் போட்டார். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று சொல்லிவிட்டது. இப்படி ஒருதலையாக முடிந்தால் அடுத்த ஆண்டு யார் வருவார்கள்? கால்பந்தைக் கைவிட்டு, முதலில் போலோ, பிறகு 1915 வரை ரதப் பந்தயம் என்று போனார்கள். 1916-ல் திரும்பி வந்த கால்பந்து அதற்குப் பிறகு விலகவில்லை.

நீங்கள் கேட்ட ஜனவரி 2 விஷயமும் ஊர்வலத்திலிருந்து வந்ததுதான். தேவாலயங்களுக்கு வெளியே கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலச் சத்தத்தில் மிரண்டுவிடும், வழிபாடும் கெடும் என்று 1893-ல் ஒரு விதி செய்தார்கள்: ஜனவரி 1 ஞாயிறானால் விழா மறுநாள். 2023-ல் நடந்தது அதுவே. அடுத்து 2034-ல் அப்படி வரும்.

இன்றைய மைதானம் 1922-ல் அரோயோ செகோ என்ற வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில் எழுந்தது. மைரன் ஹன்ட் வரைந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் மைதானம் முன்மாதிரி. மண்ணைத் தோண்டி ஆடுதளத்தைக் கீழே இறக்கி, தோண்டிய மண்ணைச் சுற்றிக் கரையாகக் கொட்டி, அதன்மேல் இருக்கைகள் போட்டார்கள். அதனால் சுரங்கப்பாதை வழியே நுழைகிறவர் இருக்கைகளின் நடுமட்டத்தில் வெளிப்படுவார். வசதிதான். ஆனால் பாதைகள் குறுகல். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் நெரிசல் அங்கேதான். 1973-ல் 1,06,869 பேர் உள்ளே இருந்தார்கள்.

ஆட்டம் ஊரை விட்டு வெளியே போனது இரண்டே முறை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடாது என்றதால் 1942-ல் வட கரோலினாவின் டர்ஹாமில்; கொரோனாவால் 2021-ல் டெக்சஸின் ஆர்லிங்டனில்.

எனக்கு வருத்தம் தருவது இப்போதைய ஏற்பாடு. 1947 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு அணியும் பசிபிக் கரை அணியும் மோதுவது வழக்கம். பனியில் உறையும் ஊர்களிலிருந்து வருகிற ரசிகர்கள் ஒரு மாதம் முன்பே விமானமும் அறையும் பதிவுசெய்து, பல நாள் தங்குவார்கள். நாட்டின் சிறந்த கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் 12 அணி பிளேஆஃப் (வெளியேற்றுச் சுற்று) வந்தபின் இது ஒரு காலிறுதி. மோதும் அணிகளில் ஒன்றுக்கு டிசம்பர் இருபது வாக்கில் முதல் சுற்றில் ஜெயித்த பிறகே பாசடீனா உறுதியாகும். பத்துப் பன்னிரண்டு நாளில், விடுமுறைக் கட்டணத்தில், குடும்பத்தோடு வருவது எளிதா? விழா எதற்காகத் தொடங்கியதோ அதையே இது அரிக்கிறது.

நேரில் போவதானால் ஊர்வலத்தையும் விடாதீர்கள். பாசடீனாவின் கொலராடோ பூலவார்ட் சாலையில் காலை 8 மணிக்கு, சுமார் 9 கிலோமீட்டர் தூரம். நடைபாதையில் இடம் பிடிக்க டிசம்பர் 31 நண்பகல் முதல் அனுமதி. இரவு 11 மணிக்குத்தான் சாலையில் போட்டிருக்கும் நீலக்கோடு வரை நகரலாம். நாற்காலி, போர்வை சரி, கூடாரம் கூடாது. மைதானத்துக்குச் சொந்தக் காரில் போனால் பக்கத்து கோல்ஃப் புல்வெளியில்தான் நிறுத்த வேண்டும், மழை பெய்திருந்தால் சேறு. மெட்ரோ ரயிலில் மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கிப் போவதே நல்லது.