நஞ்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரி: எடைதான் பிரச்சினை

போன தடவை மஞ்சள் அலரிக் காயின் நஞ்சுக்கு மருந்து உண்டு என்று சொன்னேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாம்புக்கடிக்குக் குதிரையிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். பூச்சிகொல்லிக்கும் அப்படி எடுக்க ஏலாதா, டொக்டர்? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

பாம்பு நஞ்சு பெரும்பாலும் புரதம், மகள். குதிரையின் உடல் அதை அந்நியம் என்று கண்டு பிறபொருளெதிரி செய்யும்; அந்நியப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. பூச்சிகொல்லி மூலக்கூறு மிகச் சின்னது. தனியாக ஏற்றினால் உடல் திரும்பியும் பார்க்காது. பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து ஏற்றினால்தான் கண்ணில் படும். இப்படிப்பட்ட சின்ன மூலக்கூறுக்கு ஹப்டன் என்று பெயர்.

அப்படிச் செய்து வென்ற மருந்து ஏதும்? (கொட்டாஞ்சேனை)

இருக்கிறது. டிஜொக்சின் என்ற இதய மருந்து அளவு மீறினால் அதுவே நஞ்சு. டிஜொக்சினைப் புரதத்தோடு பிணைத்து செம்மறியாட்டுக்கு ஏற்றி, கிடைக்கும் பிறபொருளெதிரியைப் பப்பைன் நொதியால் வெட்டுவார்கள். ஆம், நம்ம பப்பாசிப் பாலில் இருக்கும் அதே பப்பைன்தான். நஞ்சைப் பிடிக்கும் துண்டுக்கு ஃபாப் என்று பெயர். சின்னது என்பதால் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும், ஒவ்வாமையும் குறைவு. அமெரிக்காவில் ஒரு நோயாளி இதனால் பிழைத்த செய்தி 1976இல் வெளியானது.

அலரியின் நஞ்சும் டிஜொக்சினைப் போன்ற வடிவம்தான். அதனால் அதே ஃபாப் இதையும் பிடிக்கும். நம்ம கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் 66 பேரிடம் சோதித்து, 2000இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கிடைத்தவர்களின் இதயத்துடிப்பு விரைவாகச் சீரானது. ஆனால் விலை! பிறகு வரத்து நின்றபோது இறப்பு கூடியது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

அப்போ பராகுவாட் என்ற களைகொல்லிக்கும் செய்யலாமே? (தெஹிவளை)

செய்யலாம், கணக்குத்தான் இடிக்கும். ஒரு ஃபாப் ஒரு நஞ்சு மூலக்கூறைத்தான் பிடிக்கும் என்பதுதான் விதி. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகால் அளப்பார்கள்: ஃபாப் ஏறத்தாழ 50,000 டால்டன், டிஜொக்சின் 781. ஒரு மில்லிகிராம் டிஜொக்சினுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் ஃபாப் போதும். பராகுவாட் 186தான், அதனால் ஒரு கிராமில் மூலக்கூறுகளும் அதிகம். அதில் ஒரு கிராமைப் பிடிக்கக் கால் கிலோவுக்கு மேல் ஃபாப் வேண்டும். ஓர் ஆளின் இரத்தத்தில் ஓடும் மொத்தப் பிறபொருளெதிரியே 30 கிராம் அளவுதான்! கமக்காரருக்குத் தடுப்பூசி போட்டு உடலையே பிறபொருளெதிரி செய்ய வைக்கலாமா என்று கேட்டவருக்கும் இதே கணக்குத்தான் பதில். இலங்கை பராகுவாட்டைத் தடை செய்தது; அதைத்தான் நான் கெட்டித்தனம் என்பேன்.

போரில் வீசும் நரம்பு வாயு என்ற நஞ்சுக்கு? (புறக்கோட்டை)

நஞ்சைப் பிடிப்பதோடு நிற்காமல் வெட்டிப்போட்டு அடுத்ததற்குப் போகும் நொதியும் பிறபொருளெதிரியும் ஆய்வில் இருக்கின்றன. ஒன்றே பலதைத் தீர்க்கும் என்பதால் எடைத் தொல்லை குறையும். இன்றைக்குக் கையில் இருப்பது அத்ரோபினும் ஒக்சைம் மருந்துகளும்தான்.

வீட்டில் அலரி நிற்கிறது. பேரப்பிள்ளை காயை வாயில் வைத்துவிட்டால்? (மட்டக்குளி அம்மா)

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மிச்சக் காயையும் கொண்டு போங்கள். பிள்ளை விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இதயத்துடிப்பு பிந்தியும் குழம்பலாம். மரத்தை வெட்டச் சொல்லமாட்டேன், சிவனுக்குப் பூ வேண்டும்தானே. விழுந்த காய்களை மட்டும் காலையிலேயே கூட்டி அள்ளிவிடுங்கள், அம்மா.