9 வோல்ட் இருந்தும் மோட்டார் ஏன் திணறுகிறது?

கேள்வி: மகனின் அறிவியல் கண்காட்சிக்காகச் சின்ன மோட்டாரை 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தோம். நன்றாகத்தான் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து நின்றுவிட்டது. பேட்டரி போலியா? (வாசகி, தேனி)

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சதுரப் பேட்டரிக்குள் 1.5 வோல்ட் குட்டி செல்கள் ஆறு தொடராக இருக்கின்றன. தொடரில் வோல்ட் மட்டும்தான் கூடும். கொள்ளளவு ஒரு குட்டி செல்லுடையதுதான். நல்ல அல்கலைனிலேயே சுமார் 500 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது எத்தனை மில்லி ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கணக்கு). ஆறு செல்களின் உள்தடையும் (மின்சாரத்துக்குச் செல்லே உள்ளுக்குள் காட்டும் எதிர்ப்பு) சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஓம் வரை போகும். மோட்டார் அரை ஆம்பியர் கேட்டால் 1 வோல்ட் அளவுக்கு உள்ளேயே சூடாக வீணாகிவிடும். மல்டிமீட்டர், புகை எச்சரிக்கைக் கருவி போலச் சொற்ப மின்சாரம் கேட்பவற்றுக்கு ஏற்ற பேட்டரி இது. இதை மோட்டாருக்குப் பரிந்துரைக்கும் கடைக்காரர்களை என்ன சொல்வது!

நான்கு அல்கலைன் பென்சில் செல்களை ஹோல்டரில் போட்டு 6 வோல்ட் எடுங்கள். மோட்டார் 3 வோல்ட் வகை என்றால் இரண்டே போதும்.

கேள்வி: பென்சில் செல்லில் மலிவானது, அல்கலைன், ரீசார்ஜபிள் என்று மூன்று வகை. எதில் சார்ஜ் அதிகம்? (வாசகர், கரூர்)

பதில்: எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்கு விடை இல்லை. அல்கலைன் செல் 25 மில்லி ஆம்பியர் போலக் குறைவாக எடுத்தால் 2500 எம்.ஏ.ஹெச்.சுக்குக் குறையாது, 1 ஆம்பியர் இழுத்தால் பாதி தேறினால் அதிகம். நிக்கல் ரீசார்ஜபிளில் 2000 என்று போட்டிருந்தால், 1 ஆம்பியரிலும் பெரும்பகுதி கிடைக்கும். அதன் உள்தடை ஓமில் நூறில் சில பங்குதான். 1.2 வோல்ட் என்று தயங்க வேண்டாம்: அல்கலைன் 1.5இல் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும், இது கடைசிவரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். கேமரா ஃபிளாஷ், ரிமோட் கார் இரண்டுக்கும் இதுதான்.

மலிவான கார்பன்-துத்தநாக செல் சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போதும். ஆனால் அதன் துத்தநாகக் கூடே எரிபொருள். அது அரித்துப்போனால் ஒழுகும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறது, பொம்மை ஓடவில்லையே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சுமை இல்லாமல், அதாவது எதற்கும் மின்சாரம் கொடுக்காத நிலையில் அளந்தால் சோர்ந்த செல்லும் நல்ல பிள்ளையாக நடிக்கும். 10 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில விநாடி பிடித்தபடி அளவிடுங்கள். சுமார் 140 மில்லி ஆம்பியர் ஓடும். 1.1க்குக் கீழே இறங்கினால் பொம்மைக்கு உதவாது. கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓட்டலாம். மீட்டரை ஆம்பியரில் வைத்து நேராகச் செல்லின் முனைகளில் தொடாதீர்கள், அது ஷார்ட் சர்க்யூட், ஃபியூஸ் போகும்.

கேள்வி: டார்ச்சுக்கு வாங்கிய பெரிய ரீசார்ஜபிள் கட்டையில் 2500 எம்.ஏ.ஹெச். என்றுதான் இருக்கிறது. சரியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எடை போட்டுப் பாருங்கள். பெரிய அல்கலைன் கட்டை 12,000 எம்.ஏ.ஹெச்.சைத் தாண்டும், எடை 130 கிராமுக்கு மேல். உங்களுடையது அதில் பாதிகூட இல்லையென்றால், பெரிய கூட்டுக்குள் பென்சில் செல் போன்ற சின்ன செல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.