கட்டடம் இல்லாத கட்டடக் கண்காட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலைக்கூடங்களில் நடைபெறும் கட்டடக்கலை, வடிவமைப்புக் கண்காட்சிகளைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஓவியக் கண்காட்சியில் ஓவியத்தையே பார்க்கிறோம். கட்டடக்கலைக் கண்காட்சியிலோ வரைபடமும் புகைப்படமும் அட்டையில் செய்த மாடலும்தான் இருக்கின்றன. நேரில் போய்க் கட்டடத்தைப் பார்ப்பதில் கிடைக்காத எது இதில் கிடைக்கும்?

கட்டி முடிந்த கட்டடம், தான் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதை நமக்குச் சொல்வதில்லை. எத்தனை யோசனைகள் கைவிடப்பட்டன, எந்தச் சுவர் கடைசி நேரத்தில் இடம் மாறியது, எந்தத் தூண் எதற்காக வந்தது என்பதெல்லாம் பூச்சுக்குள் மறைந்துவிடும். கலைக்கூடத்தில் இருப்பவை அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட தாள்களும் மாடல்களும்தான். அவற்றைப் பார்ப்பதற்காகவே அங்கே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி, கொலோனியா கூயெல் தேவாலயத்தை வடிவமைப்பதற்காகச் செய்த மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தாங்க வேண்டிய எடைக்கு ஏற்ப, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அந்த நூல்களில் கட்டினார். எடையால் இழுபட்டு நூல்கள் வளைந்து நின்ற வடிவத்தைப் படம் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினால், அதுவே கட்டடத்தின் வளைவு. தொங்கும்போது முழுக்க இழுவிசையில் இருந்த கோடு, நிமிர்த்தியதும் முழுக்க அழுத்தவிசையில் நிற்கும். கல்லும் செங்கல்லும் நன்றாகத் தாங்குவது அழுத்தத்தைத்தான். கௌடியின் மற்றொரு தேவாலயமான, பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியாவின் அருங்காட்சியகத்தில் இந்த மாடலின் மறுஉருவாக்கம் தொங்குகிறது. கொலோனியா கூயெல் தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குச் சாய்ந்த தூண்கள் வியப்பைத் தரும். அவை ஏன் சாய்ந்திருக்கின்றன என்ற விடையோ இந்த நூல்களில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929ஆம் ஆண்டு பார்சிலோனா உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஜெர்மன் காட்சிமண்டபம் 1930இலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கட்டடக்கலை மாணவர்கள் அதைப் புகைப்படங்கள் வழியாகவும் வரைபடங்கள் வழியாகவும் மட்டுமே கற்றார்கள். அந்தச் சான்றுகளைக் கொண்டு 1983க்கும் 1986க்கும் இடையில் அது அதே இடத்தில் திரும்பக் கட்டப்பட்டது. இடிந்தவற்றையும் கட்டப்படாமலே போனவற்றையும் நாம் சந்திக்கக்கூடிய இடம் கண்காட்சி ஒன்றுதான்.

நான் பொறியியல் படித்தவளில்லை. சுவர் முழுக்க மாட்டியிருக்கும் வரைபடங்களை எப்படிப் பார்க்கத் தொடங்குவது?

முதலில் வரைபடத்தின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும் அளவு விகிதத்தைப் பாருங்கள். 1:100 என்றிருந்தால், தாளில் 1 சென்டிமீட்டர் என்பது நிஜத்தில் 1 மீட்டர். சராசரி உயரமுள்ள ஒருவர் அந்தத் தாளில் ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர்தான் இருப்பார். 1:50 என்றால் அதன் இருமடங்கு. அந்தச் சிறிய மனிதரை மனத்தில் நிறுத்திக்கொண்டு அவரை வாசல் வழியாக உள்ளே நடத்திச் செல்லுங்கள். தடித்த கோடுகள் வெட்டுப்பட்ட சுவர்கள். கால்வட்டக் கோடு கதவு திறக்கும் திசை. படிக்கட்டில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் மேலே ஏறும் திசையைக் காட்டும். இவ்வளவு தெரிந்தால் தரைத்தள வரைபடம் பேசத் தொடங்கிவிடும்.

ஆனால், பலரும் தரைத்தள வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் நேரே குறுக்குவெட்டு வரைபடத்துக்குப் போகச் சொல்வேன். கட்டடத்தை மேலிருந்து கீழாக நெடுக அறுத்து, உள்ளே இருப்பதைப் பக்கவாட்டில் காட்டுவது அது. ஒரு மருத்துவமனை வார்டின் குறுக்குவெட்டை எடுத்துக்கொள்வோம். சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கட்டிலில் படுத்திருப்பவருக்கு வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும்; அதையே அரை மீட்டருக்கு இறக்கியிருந்தால் மரமும் பாதையும் நடந்துபோகும் மனிதர்களும் தெரிவார்கள். நோயாளியின் பகல்பொழுது எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானித்த அந்தக் கோடு முகப்புப் படத்தில் சாதாரணமாகத்தான் தோன்றும். வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, வெப்பக் காற்று எந்த வழியாக மேலேறி வெளியேறுகிறது என்பதையும் குறுக்குவெட்டில்தான் பார்க்க முடியும்.

மாடலைப் பார்க்கும்போது மேலிருந்து குனிந்து பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். அது பறவை பார்க்கும் கட்டடம். முழங்காலை மடக்கி, உங்கள் கண் மாடலின் தரைமட்டத்துக்கு வரும்வரை இறங்குங்கள்.

நாற்காலியையும் கெண்டியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவது சரியா? அவை கடையில் கிடைக்கும் பொருள்கள்தானே?

கடையில் கிடைக்கும் பொருள் என்பதால்தான் அதைக் காட்ட வேண்டும். 1934இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சுருள்வில், பால்பேரிங், கப்பலின் உந்துவிசிறி, ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகள் ஆகியவற்றைச் சிற்பங்களைப் போல அடுக்கி ஒரு கண்காட்சி நடத்தியது. ஆலையில் பிறந்த பொருளுக்கும் வடிவ அழகு உண்டு என்று அது நிறுவியதில் ஐயமில்லை. ஆனாலும் பீடமும் விளக்கொளியும் ஒரு பொருளின் தோற்றத்தை மட்டும் உயர்த்திக் காட்டி, அதன் பயனை மறைத்துவிடும் என்ற உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பீச் மரக் கழிகளை நீராவியில் இளக்கி வளைத்துச் செய்த அந்த நாற்காலியில் மரப் பாகங்கள் 6, திருகாணிகள் 10, நட்டுகள் 2, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை வைத்துக் கப்பலேற்றலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். முழு நாற்காலியை மட்டும் பீடத்தில் நிறுத்தினால் அழகிய வளைவு ஒன்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பக்கத்திலேயே அந்த 6 பாகங்களைப் பரப்பி, பெட்டியையும் வைத்தால், அந்த வளைவு செலவையும் போக்குவரத்தையும் கணக்கிட்டுப் பிறந்தது என்பது விளங்கும். நல்ல வடிவமைப்புக் கண்காட்சி இரண்டையும் சேர்த்தே வைக்கும்.

வரைபடங்கள் உள்ள அறைகள் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கின்றன? முதியவர்களுக்குப் படிக்கவே சிரமமாக இருக்கிறது.

தாளுக்கும் மைக்கும் ஒளியால் ஏற்படும் சேதம் திரும்பச் சரியாவதில்லை. அது சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் இத்தகைய பொருள்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான நடைமுறை. சில மாதங்கள் காட்டிய பிறகு அவற்றை மீண்டும் இருட்டில் வைத்துவிடுவதும் இதற்காகத்தான். ஆனால், பக்கத்தில் உள்ள விளக்கக் குறிப்பு புதிதாக அச்சிட்டது. அதைப் பெரிய எழுத்தில் அச்சிடவோ கையில் எடுத்துப் படிக்கும் அட்டையாகத் தரவோ எந்தத் தடையும் இல்லை. கலைக்கூடத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள்.

முழு அளவிலேயே ஒரு கட்டடத்தைக் கட்டிக் காட்டினால் என்ன?

கட்டியிருக்கிறார்கள், பலமுறை. 1927இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 17 கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து வைசன்ஹோஃப் என்ற குடியிருப்பையே கண்காட்சியாகக் கட்டினார்கள். வீடுகளில் சில உலகப்போரில் அழிந்தன. எஞ்சியவற்றுள் லெ கொர்பூசியேயின் வீடுகள் 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1954இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஜுன்சோ யோஷிமுரா வடிவமைத்த ஜப்பானிய மரவீடு ஒன்று நின்றது. பின்னர் பிலடெல்ஃபியாவின் பூங்கா ஒன்றுக்குப் பெயர்ந்து இன்றும் அங்கே இருக்கிறது. லண்டன் செர்பன்டைன் கலைக்கூடம் 2000ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீதின் மண்டபத்தோடு தொடங்கி, ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் ஒரு தற்காலிக மண்டபத்தை எழுப்பிவருகிறது.

இவற்றின் பெரும்பலன், உடம்பால் அறிவது. தாழ்ந்த கூரையின் கீழ் நடந்து திடீரென உயர்ந்த கூடத்துக்குள் நுழையும்போது ஏற்படும் உணர்வை எந்த வரைபடமும் தராது. ஆனால், இப்படிக் கட்டுபவை பெரும்பாலும் சிறிய மண்டபங்களும் தனி வீடுகளுமாகவே இருக்கும். ஒரு பேருந்து நிலையத்தையோ ஆயிரம் குடும்பங்களுக்கான குடியிருப்பையோ தோட்டத்தில் கட்டிக் காட்ட முடியாது. நகரத்தில் பெரும்பாலோர் வாழ்வைத் தொடும் கட்டடங்கள் அவைதான் என்பதால், மாடலையும் வரைபடத்தையும் நாம் கைவிட முடியாது.

இப்போதெல்லாம் கணினியில் உருவாக்கிய படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம்?

அந்தப் படத்தில் எப்போதும் மாலை வெயில்தான். மரங்கள் முழுமையாக வளர்ந்திருக்கும். கம்பியும் குழாயும் இருக்காது. நம்ப வைப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது என்ற நினைவோடு பார்க்க வேண்டும். இந்த ஆபத்து கணினியோடு வந்ததும் அல்ல. 1932இல் நியூயார்க்கில் ஹென்றி-ரஸ்ஸல் ஹிட்ச்காக்கும் பிலிப் ஜான்சனும் நடத்திய நவீனக் கட்டடக்கலைக் கண்காட்சி பின்னர் அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் சென்றது. அதில் எழுத்தாளரும் விமர்சகருமான லூயிஸ் மம்ஃபோர்டு முன்னின்ற, எளியோர் குடியிருப்பு பற்றிய பகுதி ஒன்றும் இருந்தது. மக்கள் நினைவில் தங்கியதோ வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் நீளச் சன்னலும் கொண்ட படங்கள்தான். அந்தத் தோற்றம் 'சர்வதேசப் பாணி' என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. வீடில்லாதவருக்கு எப்படி வீடு கட்டுவது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் இழப்பு.

எனவே படத்தின் முன் நிற்கும்போது சிலவற்றைத் தேடுங்கள். பக்கத்து மனையில் என்ன இருக்கிறது? இந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள்? சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாக உள்ளே போவார்? மழைநீர் எங்கே இறங்கும்? குறுக்குவெட்டு வரைபடம் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? விடை சுவரில் இல்லையென்றால், கண்காட்சிப் பொறுப்பாளர் பார்வையாளரோடு பேசும் நாளில் போய் இவற்றையே கேளுங்கள். பல கலைக்கூடங்களில் அப்படிப்பட்ட உரையாடல்கள் நடக்கின்றன.