மகளின் கண் சிவப்பு இருக்கட்டும், உங்கள் கணவரின் இருமலுக்கு வருவோம்

வீட்டு நீச்சல் குளத்தில் நீந்தும் மகளின் சிவந்த கண், வறண்ட முடி, குளோரினால் புற்றுநோய் வரும் என்ற வீடியோ என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் இப்படி முடித்திருக்கிறீர்கள்: "பத்து நாள் முன்பு பம்ப் அறையில் குளத்துக்கு மருந்து கலக்கும்போது புகை வந்தது. இரவு முழுக்க அவர் இருமினார். பால் குடித்தார், இப்போது ஒன்றும் இல்லை என்கிறார்." உங்களைத் தூங்கவிடாதது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். தூங்காமல் இருந்ததில் தவறில்லை.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே பக்கெட்டில் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே போர்வீரர்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாது. உங்கள் வீட்டில் இருப்பது மாதிரி பள்ளத்தில் கட்டிய பம்ப் அறையில் தேங்கி நிற்கும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகி உள்ளே புண்ணாக்கும்.

இதில் ஏமாற்றுவது நேரம்தான். கண்ணெரிச்சலும் இருமலும் கொஞ்ச நேரத்தில் அடங்கின மாதிரி இருக்கும். அதிகம் உள்ளே போயிருந்தால் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் வரைகூடத் தாமதமாகி, நுரையீரலில் நீர் கோக்கும். புகையைச் சுவாசித்தவருக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுக்கினால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், அந்த நிமிடமே ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்கு இல்லை. மகளின் இருமல் சிரப்பை இரண்டு மூடி குடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னவென்று சொல்வது!

பத்து நாள் ஆகிவிட்டதால் நீர் கோக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் மாடி ஏறும்போதோ ஊதுபத்திப் புகைக்கோ இப்போதும் இருமுகிறாரா என்று கவனியுங்கள். ஆஸ்துமாவே இல்லாதவருக்கும் ஒரே ஒரு தடவை இப்படிச் சுவாசித்ததில் ஆஸ்துமா மாதிரியான தொல்லை தங்கிவிடலாம். இருமுகிறார் என்றால் நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போய், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்யுங்கள்.

அவர் ஏன் கலந்தார்? குளத்தில் நெடி அடிக்கிறது, குளோரின் கூடிவிட்டது என்று நீங்கள் குறைக்கச் சொன்னீர்கள். தண்ணீர் பச்சையானதும் அவர் பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டப் போனார். உண்மையில் அந்த நெடி பெரும்பாலும் குளோரமைன். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. நெடி தூக்கலாக இருந்தால் வேலை செய்யும் குளோரின் பற்றவில்லை என்றுதான் பொருள். மகளின் கண்ணெரிச்சலுக்கும் அநேகமாக அதுதான் காரணம்.

மூக்கை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். சொட்டு விட்டால் மஞ்சளாகும் பழைய கிட், மொத்த குளோரினைத்தான் காட்டும். இளஞ்சிவப்பாகும் டிபிடி கிட் வாங்குங்கள். அது தனிக் குளோரினை, அதாவது இன்னும் எதோடும் சேராமல் வேலை செய்யும் குளோரினை, பிரித்துக் காட்டும். தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்) போதும். நீங்கள் போடும் டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரையில், குளோரினின் வேகத்தைக் குறைக்கும் சயனூரிக் அமிலம் சேர்ந்தே வருவதால், உங்கள் குளத்தில் 2-க்குக் கீழே விடாதீர்கள். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-இலிருந்து 7.8-க்குள் இருக்கட்டும், 8-ஐத் தாண்டினால் போட்ட குளோரினில் பெரும்பகுதி மந்தமாகிவிடும். ஒரு விஷயம்: குளோரின் மிக அதிகமானால் டிபிடி நிறமே வெளுத்து, பூஜ்யம் மாதிரி தெரியும். அதைப் பார்த்து இன்னும் கொட்டிவிடாதீர்கள்.

பிளீச்சிங் பவுடர், டிசிசிஏ, ஆசிட் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள், கரண்டியும் தனி. ஆசிட் விட்ட பிறகு மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம்தான் குளோரின். எப்போதும் தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும். பவுடர் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளோரினே வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கேரளத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை அமீபா இருக்கிறதே, அது வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணீரில் வளர்வது. போதுமா? புற்றுநோய் வீடியோவை மூடிவையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் திறந்தவெளிக் குளத்தில் நீந்தும் பிள்ளைக்கு அந்தக் கவலை வேண்டாம். முடிக்கு, இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் போதும்.

கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இரண்டு மாதமாக விடும் சொட்டு மருந்தின் பெயரைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டெராய்டு; கண் அழுத்தத்தைக் கூட்டும். பாட்டிலோடு மகளை இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டி, அழுத்தம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.