நிலாப் படத்துக்கு அஷ்டமிதான் நல்ல நாள்

கேள்வி: 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ், டிரைபாட் மூன்றும் இருக்கின்றன. போன பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் நாற்பது படம் எடுத்தேன். ஆட்டோவில் நிலா வெறும் வெள்ளை வட்டம். மேனுவலுக்கு மாற்றி வெளிச்சத்தைக் குறைத்தால் கறைகள் தெரிகின்றன, ஆனால் மசமசவென்று இருக்கிறது. 600 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். கோளாறு லென்ஸில் இல்லை.

நமக்குத்தான் அது ராத்திரி. நிலாவில் நல்ல வெயில். விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது, பழைய தார் ரோடு மாதிரி. அதனால் பகலில் ரோட்டைப் படமெடுக்கும் கணக்கே போதும். ஆட்டோவில் கேமரா சுற்றியுள்ள கறுப்பு வானத்தைப் பார்த்து இருட்டு என்று முடிவுகட்டி, வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிவிடுகிறது. மேனுவலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப்/8, ஷட்டர் 1/200 விநாடி வைத்துத் தொடங்குங்கள். இது பௌர்ணமி கணக்கு. அரை நிலாவுக்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும்: அதே எஃப்/8, 1/200-லேயே ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் சரி.

இனி மசமசப்பு. ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிடி குறியில் (வெகுதூரத்துக்கான ∞) வைத்திருந்தீர்களா? பெரும்பாலான ஜூம் லென்ஸ்களில் அந்தக் குறியைத் தாண்டியும் வளையம் திரும்பும், நம்ப முடியாது. லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சி) நிலாவின் விளிம்பை 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். விளிம்பு கத்தி மாதிரி ஆகும், இன்னும் திருப்பினால் மறுபடி கலங்கும். இரண்டு பக்கமும் போய்வந்து நடுவில் நிறுத்துங்கள். டிரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். நான் ஒருமுறை கழற்றாமல் எடுத்து, வானத்தில் இரண்டாவது நிலா ஒன்று மங்கலாகத் தெரிய, மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் கலங்கினால் குற்றவாளி காற்று. நிலா அடிவானத்தில் இருக்கும்போது ஒளி பல மடங்கு அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. 30 டிகிரி உயரத்தில்கூட, உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. போதாக்குறைக்குப் பகலெல்லாம் சுட்ட மொட்டை மாடித் தளம் இரவு எட்டு மணிக்கும் அனல் விடும். லைவ் வியூவில் நிலா ஓடைத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தால், அதுதான் இது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில்தான் உதிக்கும், எனவே பத்து மணி வரை பொறுங்கள்.

ஆனால் பௌர்ணமியே படத்துக்குச் சுமாரான நாள் என்பேன். வெயில் நேருக்கு நேர் விழுவதால் பள்ளங்களில் நிழலே இருக்காது. கூர்மையாக எடுத்தாலும் தட்டையாகத்தான் தெரியும். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்கும் அஷ்டமிதான் நமக்கு வேண்டியது. வளர்பிறை அஷ்டமியில் மாலையிலேயே நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். ஒளியும் இருளும் சேரும் கோட்டில் நிழல்கள் நீண்டு விழும். அன்றோ நவமியன்றோ அந்தக் கோட்டின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சகெல் என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக நிற்கும். டாலமேயஸின் அகலம் சுமார் 150 கிலோமீட்டர். உங்கள் படத்தில் முப்பது பிக்சல் வரும். தசமிவாக்கில் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோபர்னிகஸ் பள்ளம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

600 எம்எம் விஷயம்: 300-இல் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) விழும் நிலாவின் குறுக்களவு சுமார் 2.7 மில்லிமீட்டர், உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி (சிறிய ரகச் சென்சார்) என்றால் ஏறக்குறைய 700 பிக்சல். போன் திரைக்கு அது தாராளம். சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட ஆசையென்றால், ஒரு அஷ்டமிக்கு மட்டும் 600-ஐ வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.