ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் 2019 – கடிதம்

வணக்கம் சார்,

யூடியூபில் எதையோ தேடப் போய், 2019 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் வீடியோ கண்ணில் பட்டது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கைத் தவறாமல் பார்க்கிறவன் நான். ஆப்பிரிக்காவில் கிளப்புகளுக்கு இப்படி ஒரு போட்டி நடப்பதே அன்றுதான் தெரிந்தது. துனிசியாவின் எஸ்பெரான்ஸும் மொராக்கோவின் விதாத்தும் ஆடுகின்றன. விதாத் ஒரு கோல் போடுகிறது, ஆஃப்சைடு என்று கொடி தூக்குகிறார்கள். விஏஆர் (வீடியோவைப் பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் முறை) பாருங்கள் என்று கேட்டால் அது வேலை செய்யவில்லையாம். விதாத் வீரர்கள் ஆட மறுக்கிறார்கள். கடைசியில் எதிரணியிடம் கோப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். அந்த வருடம் உண்மையில் சாம்பியன் யார்? அது நல்ல கோல் மாதிரிதான் தெரிகிறது. அப்படியென்றால் விதாத் ஆட மறுத்தது நியாயம்தானே? இறுதிப் போட்டியையே ஒழுங்காக நடத்தத் தெரியாத ஒரு போட்டியை மெனக்கெட்டுப் பார்க்கத்தான் வேண்டுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சாம்பியன் எஸ்பெரான்ஸ்தான். அதை உறுதி செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை உறுத்தியது. ஒரு சீசனை அதன் கடைசி ஒரு மணி நேரத்தை வைத்து எடைபோடுகிறீர்கள். அந்த வீடியோவை மட்டும் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2018-19 சீசனில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆட்டம் நடந்த துனிசியாவின் ராதெஸ் மைதானம் இல்லை, தான்சானியாவின் தாரெஸ்ஸலாம்.

சிம்பா என்று ஒரு அணி. 'டி' பிரிவில் எகிப்தின் அல் அஹ்லி, காங்கோவின் ஏஎஸ் விட்டா, அல்ஜீரியாவின் ஜேஎஸ் சவுரா ஆகியவற்றோடு மாட்டிக்கொண்டது. வெளியூர் போனபோதெல்லாம் செம அடி. விட்டாவிடம் 5-0, அஹ்லியிடம் 5-0, சவுராவிடம் 2-0. மூன்று வெளியூர் ஆட்டங்களில் 12 கோல் வாங்கி ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. இப்படி ஆடிய ஒரு அணி காலிறுதிக்குப் போனது என்றால் நம்புவீர்களா? உள்ளூரில் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். சவுராவை 3-0. முந்தின வாரங்களில்தான் ஐந்து கோல் போட்டு அனுப்பியிருந்த அஹ்லியை, மெடி ககேரேயின் ஒரே கோலில் 1-0. கடைசிச் சுற்றுக்கு வரும்போது சவுரா 8 புள்ளி, அஹ்லியும் விட்டாவும் 7, சிம்பா 6. மேலே போகிற இரண்டு இடங்களுக்கு நான்கு பேருக்குமே வாய்ப்பு இருந்தது. விட்டா தாரெஸ்ஸலாமுக்கு வந்து முதல் கோலையும் போட்டுவிட்டது. சிம்பா சமன் செய்தது. சமன் மட்டும் போதாது, ஜெயித்தாக வேண்டும். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஜாம்பியாக்காரர் கிளாட்டஸ் சாமா இரண்டாவது கோலைப் போட்டார். 9 புள்ளியோடு, 6 கோல் போட்டு 13 வாங்கிய கணக்கோடு சிம்பா காலிறுதியில். அதுவரை பட்டியலின் உச்சியில் இருந்த சவுரா, அதே நேரத்தில் எகிப்தில் தோற்று வெளியே போனது.

காலிறுதியில் காங்கோவின் மஸெம்பே அவர்களை 4-1 என்று அனுப்பிவைத்தது, அது சரி. ஆனால் வெளியூரில் பூனை, உள்ளூரில் புலி என்பதை இவ்வளவு அப்பட்டமாக ஐரோப்பாவில் பார்க்க முடியாது. அங்கே லண்டனிலிருந்து மாட்ரிட் இரண்டு மணி நேரப் பயணம். இங்கே விட்டாவின் ஊரான கின்ஷாசாவிலிருந்து தாரெஸ்ஸலாம் என்றால் ஏறக்குறைய கண்டத்தின் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை. சஹாராவின் விளிம்பில் இருக்கும் பெஷார் ஊர்க்காரர்கள்தான் சவுரா. புல் வேறு, வெயில் வேறு, ஈரப்பதம் வேறு. வெளியூர் ஆட்டம் என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்காவில்தான் முழுப் பொருளும் இருக்கிறது.

அதே காலிறுதியில் இன்னொரு ஆட்டம். 2019 ஏப்ரல் 6, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. ஆப்பிரிக்காவில் அதிகக் கோப்பைகளை வைத்திருக்கும் அஹ்லியை உள்ளூர் அணியான மமெலோடி சன்டவுன்ஸ் 5-0 என்று பிரித்து மேய்ந்தது. பந்தைக் காலிலிருந்து காலுக்குத் தட்டித் தட்டியே அஹ்லியின் தடுப்பைக் கரைத்தார்கள். அன்றைய சன்டவுன்ஸ் பயிற்சியாளர் பிட்ஸோ மொசிமானேவை அடுத்த வருடம் அஹ்லியே கூட்டிக்கொண்டு போய், 2020 கோப்பையையும் வென்றது. அடித்தவனையே ஆசிரியராக வைத்துக்கொள்கிற அந்தப் புத்திசாலித்தனத்தால்தான் அஹ்லி அஹ்லியாக இருக்கிறது.

இனி ராதெஸ். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு அடி பின்னோக்கிப் போக வேண்டும். 2018 நவம்பரில் முந்தைய சீசனின் இறுதிப் போட்டி. அப்போது இறுதி இரண்டு லெக், அதாவது இரண்டு அணிகளின் ஊரிலும் ஒவ்வொரு ஆட்டம். முதல் லெக் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே, அஹ்லிக்கும் எஸ்பெரான்ஸுக்கும். விஏஆர் இருந்தது. அஹ்லிக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, 3-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் அஹ்லியின் வலீத் அஸாரோ, எதிராளி இழுத்தான் என்று காட்டத் தன் சட்டையைத் தானே கிழித்துக்கொண்டார். கேமரா அதையும் பிடித்தது. அவருக்கு இரண்டு ஆட்டத் தடை. ஒரு வாரம் கழித்து ராதெஸில் எஸ்பெரான்ஸ் 3-0 என்று திருப்பிக் கொடுத்துக் கோப்பையை எடுத்தது. காலண்டர் மாற்றத்துக்காக அடுத்த சீசனை அதே நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். வீரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. எஸ்பெரான்ஸ் அதிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்தது. 1919இல் தொடங்கிய கிளப், நூற்றாண்டு வருடம். துனிஸ் நகரமே கோப்பையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

2019 மே 24, முதல் லெக், மொராக்கோவின் ரபாத். இங்கே விஏஆர் வேலை செய்தது. வேலை செய்ததுதான் பிரச்சினை. விதாத் போட்ட ஒரு கோலைக் கையில் பட்டது என்று ரத்து செய்தார்கள். பெனால்டி கேட்டார்கள், இல்லை என்றார்கள். ஃபுஸ்ஸெனி கூலிபாலி எஸ்பெரான்ஸுக்கு கோல் போட்டார். விதாத்துக்கு ஒரு சிவப்பு அட்டையும் விழுந்தது. பத்துப் பேரோடு ஆடிய விதாத்துக்காக ஷேக் கொமாரா 1-1 ஆக்கினார். எகிப்து நடுவர் கிஹாத் கிரேஷாவை ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அடுத்த சில நாட்களிலேயே ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. அதாவது, முதல் ஆட்டத்தில் உங்களுக்கு அநியாயம் நடந்தது என்று அமைப்பே ஏறக்குறைய ஒப்புக்கொண்ட நிலையில்தான் விதாத் ராதெஸுக்குப் போனது. அந்த மனநிலையை மறந்துவிட்டு இரண்டாவது லெக்கைப் பார்க்கக் கூடாது.

மே 31, ரமலான் மாதத்து இரவு. 41ஆவது நிமிடம் யூசுஃப் பெலைலி எஸ்பெரான்ஸுக்கு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு, ஏறக்குறைய அறுபதாவது நிமிடத்தில் வலீத் எல் கர்த்தி தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். கொடி. காம்பியா நடுவர் பகாரி கஸ்ஸாமாவைச் சுற்றி விதாத் வீரர்கள் மொய்த்தார்கள். அப்புறம்தான் தெரிகிறது, விஏஆர் கருவிகள் தயாராகவே இல்லை. ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டன்களுக்கும் சொல்லிவிட்டோம் என்று ஒரு தரப்பு, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று விதாத். கூட்டமைப்பின் தலைவர் அஹ்மத் அஹ்மத் மைதானத்துக்கே இறங்கி வந்தார். நடுவரிடம் பேசுகிறார், அதிகாரிகளிடம் பேசுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போல அப்படியே கழிந்தது. கஸ்ஸாமா ஆட்டத்தை முடித்துவைத்தார், எஸ்பெரான்ஸ் கோப்பையைத் தூக்கியது.

கோல் சரியானதா? ரீப்ளேயில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை என்றுதான் எனக்கும் தெரிகிறது. ஆனாலும் விதாத் ஆட மறுத்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. விஏஆர் வருவதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகள் தப்பான கொடிகளோடுதான் உலகம் கால்பந்து ஆடியது. அந்த நேரத்தில் சமன் செய்ய விதாத்துக்குத் தேவை ஒரே ஒரு கோல், கையில் அரை மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் சாதாரண ஆளா? ஃபவ்ஸி பென்ஸர்த்தி, துனிசியாக்காரர், 1994இல் இதே எஸ்பெரான்ஸுக்கு இதே கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். ராதெஸில் எப்படி ஒரு கோல் எடுப்பது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆடியிருந்தால் தோற்றிருக்கலாம், ஆனால் வாய்ப்பு இருந்தது. ஆடாமல் நின்றதில் தோல்வி மட்டும்தான் நிச்சயம்.

அதற்காக விதாத்தை வில்லனாக்கவும் நான் தயாரில்லை. விஏஆர் உண்டு என்று சொல்லித்தான் இறுதிப் போட்டிக்கு அழைக்கிறார்கள். முதல் லெக்கில் அதே கருவியை வைத்து உன் கோலை அழிக்கிறார்கள். இரண்டாவது லெக்கில் உனக்குத் தேவைப்படும்போது அது இல்லை என்கிறார்கள். யாருக்கும் ரத்தம் கொதிக்கும். கொடி தூக்கியது மனிதத் தவறு, கருவி வராதது நிர்வாகத் தவறு. என் கோபம் இரண்டாவதன் மேல்தான்.

அதைவிடப் பெரிய கோளாறு அடுத்த வாரம் நடந்தது. ஜூன் 5, பாரிஸ். கூட்டமைப்பின் செயற்குழு அவசரமாகக் கூடி, இரண்டாவது லெக்கைப் பொதுவான ஊரில் மறுபடி ஆட வேண்டும், எஸ்பெரான்ஸ் கோப்பையையும் பதக்கங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று முடிவெடுத்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆட்ட முடிவைத் தீர்மானிக்க அதற்கென்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கிறது. செயற்குழுவுக்கு அந்த வேலை இல்லை. இரண்டு கிளப்புகளுமே லொசானில் இருக்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயின. ஜூலை 31 அன்று மன்றம் சொன்னது இதைத்தான்: செயற்குழுவுக்கு அதிகாரம் கிடையாது, முடிவு செல்லாது, உரிய குழு விசாரிக்கட்டும். ஆகஸ்ட் 7, ஒழுங்குக் குழு விதாத் ஆட்டத்தைக் கைவிட்டதாகத் தீர்ப்பளித்தது, 20,000 டாலர் அபராதமும் போட்டது. விதாத் மேல்முறையீடு, மறுபடி லொசான், 2020 செப்டம்பரில் தள்ளுபடி. அதற்குள் எஸ்பெரான்ஸ் ஆப்பிரிக்க சாம்பியனாகக் கத்தாரில் கிளப் உலகக் கோப்பையும் ஆடி முடித்திருந்தது.

(அஹ்மத் அஹ்மத்தை, அந்தப் பாரிஸ் முடிவுக்கு மறுநாளே பிரெஞ்சுப் போலீஸ் வேறொரு விவகாரத்தில் விசாரணைக்கு அழைத்துப் போனது. 2020இல் ஃபிஃபா அவருக்குத் தடை விதித்தது. இந்தக் கதையில் எனக்கு இரக்கமே வராத ஒரே ஆள் அவர்தான்.)

இந்தக் குழப்பத்துக்குப் பிறகு, இரண்டு லெக் வேண்டாம், பொது மைதானத்தில் ஒரே ஆட்டம் என்று இறுதியை மாற்றினார்கள். ஐரோப்பாவைப் பார்த்துச் செய்த மாற்றம். அதிலும் சிக்கல். 2022இல் இறுதியை நடத்தும் ஊராகக் காசாபிளாங்காவை அறிவித்தார்கள். அங்கே இறுதிக்கு வந்தது விதாத், அதன் சொந்த மைதானம். எதிரே அஹ்லி, இது பொது மைதானமா என்று சண்டை போட்டும் பயனில்லை. விதாத் 2-0. பயிற்சியாளர் வலீத் ரெக்ராகி, அதே வருடக் கடைசியில் மொராக்கோவை உலகக் கோப்பை அரையிறுதிக்குக் கொண்டுபோன அதே ஆள். 2023இலிருந்து மறுபடி இரண்டு லெக்குக்கே திரும்பிவிட்டார்கள். நல்லதுதான். இந்தப் போட்டியின் ருசியே சொந்த ஊர் கூட்டத்தில் இருக்கிறது.

எல் கர்த்தி என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். 2017 இறுதியில் அஹ்லியை வீழ்த்தி விதாத்துக்குக் கோப்பை வாங்கித் தந்த கோல் அவர் தலையால் முட்டியதுதான். பிறகு எகிப்தின் பிரமிட்ஸ் அணிக்குப் போனார். 2025 மே 24, பிரிட்டோரியாவில் இறுதியின் முதல் லெக். சன்டவுன்ஸ் 1-0 என்று முன்னிலை, தொண்ணூறு நிமிடமும் தாண்டிவிட்டது. அப்போது எல் கர்த்தி சமன் செய்தார். கெய்ரோவில் 2-1 என்று ஜெயித்து, பிரமிட்ஸ் முதல் முறையாகக் கோப்பையை எடுத்தது. ராதெஸ் கோலையும் சேர்த்தால் மூன்று இறுதிகளில் கோல் அடித்தவர். பதிவேட்டில் இரண்டுதான் இருக்கும்.

பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சன்டவுன்ஸ்–அஹ்லி ஐந்து கோல் ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். அப்புறம் சிம்பா–விட்டா; சுருக்கத்தைப் பார்க்காமல், கிடைத்தால் இரண்டாம் பாதி முழுவதையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.